பட்டினி என்று எழுதிய தட்டு

பிப்ரவரி 3

அன்புள்ள பொத்தானுக்கு,

பாட்டி எழுதுவது. முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வைத்தால் நீ அதுவரை படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

உன் அண்ணன் நெட்டையன் இப்போது ரயில் ஓட்டுகிறான். உதவியாள் இல்லை, ஓட்டுநரே அவன்தான். உன் மாமா மகள் நீச்சலில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வந்த பெண் அவளைவிட இரண்டு வயது மூத்தவள், ஆகவே நம்மவள்தான் முதல் என்று வைத்துக்கொள். அவள் தம்பிக்குக் கணக்கில் தொண்ணூற்றெட்டு. மீதி இரண்டு எங்கேடா என்று கேட்டால், "அது டீச்சர்கிட்ட இருக்கு பாட்டி, பத்திரமா வச்சிருக்காங்க" என்கிறான். வாய் அவன் அம்மாவிடமிருந்து வந்தது. இத்தனை பேருக்கும் மேலே நீ. புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற பேத்தி யாருக்கு இருக்கிறாள்? நாலு வயதில் என் தையல் மேஜையிலிருந்து பொத்தானை எடுத்து விழுங்கிவிட்டு, "உள்ள போயிட்டா அது என்ன பண்ணும்?" என்று கேட்டவள் நீ. அன்றைக்கே எனக்குத் தெரியும்.

இனி மற்ற சேதி. உன் மாமா வீட்டு அத்தைக்கு இடது மார்பில் கட்டி என்று போன மாதம் எழுதினேன் அல்லவா, அது அதுவேதானாம். ஊசி ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை. நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, கையில் குழாய் குத்தி, மூன்று நான்கு மணி நேரம் ஏற்றுகிறார்கள். முதல் ஊசிக்கு நானும் போனேன். ரிப்போர்ட்டை மாடி வீட்டு டீச்சரம்மா படித்துச் சொன்னார்கள். ஹெர் டூ என்று போட்டு, பக்கத்தில் மூன்று, அதற்குப் பக்கத்தில் கூட்டல் குறி. நான் படித்த ஐந்து வகுப்பில் கூட்டல் என்றால் நல்லதுதான். இங்கே எப்படி என்று தெரியவில்லை.

நீ என்னதான் வேலை செய்கிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெருமையாகச் சொல்லத் தொடங்குகிறேன், இரண்டாவது வரியில் எனக்கே விஷயம் தீர்ந்துவிடுகிறது. போனில் நீ சொல்வது தண்ணீர்க் குழாய்க்குள் யாரோ இருமுகிற மாதிரி கேட்கிறது. இந்தக் காதை வைத்துக்கொண்டு போன் நமக்கு ஒத்துவராது. எழுது. நாலு மாதமாக ஒரு வரி இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி, பெரிய எழுத்தில் எழுது. அப்படியே உன் படம் ஒன்றும் வை.

பாட்டி

*

பிப்ரவரி 19

அன்புள்ள பாட்டி,

நாலு மாதம் எழுதாதது தப்புதான். எழுதும்படி இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் காரணம்.

ஒரு வேண்டுகோள். நான் மருந்து கண்டுபிடிக்கிறேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். நெட்டையன் ரயிலை ஓட்டினால் ரயில் போகிறது. நான் செய்யும் வேலையில் எதுவும் எங்கேயும் போகவில்லை. போன வாரம் யாரோ உங்கள் வாடிக்கைக்காரர் என்று சொல்லி, முழங்கால் வலிக்கு என்ன மாத்திரை போடலாம் என்று என்னிடம் போனில் கேட்டார். நான் அந்த டாக்டர் இல்லை பாட்டி. இன்னும் எந்த டாக்டரும் இல்லை.

என் வேலையைக் கேட்டீர்கள். ஜன்னல் இல்லாத ஒரு அறை. நாள் முழுக்க விசிறி இரைகிற ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கையை மட்டும் நுழைத்து வேலை செய்வேன். உள்ளங்கை அகலத்தில் மூடி போட்ட தட்டுகள். அதில் இளஞ்சிவப்பாக ஒரு திரவம். அதன் அடியில், மார்புப் புற்றுக் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

நம் உடம்பில் ஒரு செல் தன் இஷ்டத்துக்கு வளராது. 'வளர்' என்று வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவைக் கொண்டுவரும் பொருளுக்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். அதை ஒரு கடிதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செல்லின் மேலே தபால் பெட்டி மாதிரி ஒன்று இருக்கிறது. கடிதம் அதில் விழுந்ததும், உள்ளே கைக்குக் கை மாறிச் சேதி போய்ச் சேர்ந்து, செல் இரண்டாகப் பிரிகிறது. புற்றுநோயில் இந்தத் தபால் போக்குவரத்துதான் கெட்டுப்போகிறது. அத்தையின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஹெர் டூ அந்தப் பெட்டிகளில் ஒரு வகை. மூன்று கூட்டல் என்றால் பெட்டிகள் அளவுக்கு மீறி முளைத்திருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கூட்டல் நல்லதல்ல. ஆனால் அதற்கென்றே மருந்து இருக்கிறது. அவருக்கு ஏற்றுவதில் ஒன்று அந்தப் பெட்டியைப் போய்ப் பிடித்து அடக்குவதுதான். அந்த வகையில் நல்லது.

சோதனைக்கு முதல் நாள் செல்களைப் பட்டினி போடுவோம். பட்டினி போட்டால் அவை வளர்வதை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு வளர்ச்சிக் காரணியாகக் கொடுத்து, எது அவற்றை எழுப்பிவிடுகிறது என்று பார்ப்பேன். என் தட்டுகளின் மூடியில் பாதிக்கு மேல் 'பட்டினி' என்றுதான் எழுதியிருக்கும். இதுதான் என் வேலை. சொல்லிக்கொள்ள இதில் ஒன்றும் இல்லை.

படம் வைத்திருக்கிறேன். வெள்ளைக் கோட்டுடன் இருக்கிறது, நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும்.

பொத்தான்

*

மார்ச் 10

அன்புள்ள பொத்தானுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை எனக்காக. இரண்டாவது தடவை டீச்சரம்மா, உன் மாமா, அத்தை, பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துச் சத்தமாகப் படித்தேன். தபால் பெட்டி என்று வந்த இடத்தில் டீச்சரம்மா, "எவ்வளவு அழகா விளக்கியிருக்கா பாருங்க" என்றார்கள். நான் முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன், அது அவ்வளவு சுலபமாக இல்லை.

மூன்றாவது தடவை அத்தைக்காக. மறுநாள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு என் மேஜைப் பக்கம் வந்தாள். நான் ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். "அம்மா, அந்தப் பட்டினி வர்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை படிங்களேன்" என்றாள். படித்தேன். பட்டினி போட்டால் அவை வளர்வதை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்துவிடும். "அப்படியே எழுதியிருக்காளா?" என்றாள். எழுத்தைக் காட்டினேன். சரளமாகப் படிக்க வராதவள், விரலை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதினெட்டு வருடமாக இந்த மருமகள் என் பேச்சைக் கேட்டதில்லை. ஜன்னல் திரை நீலம் என்றால் பச்சை என்பாள். இப்போது உன் கடிதம் என்றால் கேட்கிறாள். நல்லதுதானே.

உன் படத்தைச் சட்டம் போட்டு, மெஷினுக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டிவிட்டேன். அளவு கொடுக்க வருகிறவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது கண் நேராக அதில்தான் போய் நிற்கும். இடத்தைப் பார்த்துத்தான் அடித்தேன்.

எப்போது முடிவு வரும் என்று எழுது. டீச்சரம்மா கேட்கிறார்கள்.

பாட்டி

*

ஏப்ரல் 2

பாட்டி,

டீச்சரம்மாவிடம் சொல்லுங்கள், முடிவு வராது போலிருக்கிறது.

கோபத்தில் எழுதுகிறேன், உங்கள் மேல் இல்லை. எட்டு வாரமாக ஒரே சோதனை. ஒரு வகைச் செல்கள் பட்டினி போட்டதும் ஒழுங்காக நிற்கின்றன. நான் புதிதாக எடுத்த வகை நிற்கவே மாட்டேன் என்கிறது. பட்டினி போட்ட தட்டும் போடாத தட்டும் ஒரே மாதிரி வளர்ந்து கிடக்கின்றன. பேராசிரியர் தட்டைப் பார்த்துவிட்டு, "சரியா கழுவலைம்மா நீ. பழைய திரவம் கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். திரும்பச் செய்" என்கிறார். இதோடு ஒன்பது தடவை திரும்பச் செய்துவிட்டேன். என் கையைத்தான் சந்தேகப்படுகிறார், செல்லை இல்லை. பக்கத்து மேஜைக்காரி, "உன் செல்லுக்கு வெட்கமே இல்லடி" என்கிறாள். அந்த ஒன்றுக்குத்தான் இந்த மாதம் சிரித்தேன்.

தயவுசெய்து என் படத்தை அளவு கொடுக்க வருகிறவர்களுக்குக் காட்டாதீர்கள். ஒன்றும் செய்யாமலே சுவரில் தொங்குவது கூச்சமாக இருக்கிறது.

அத்தைக்கு எப்படி இருக்கிறது? உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி வந்தால் அது பாதி என்னைப் பற்றியே இருக்கிறது. நாலாவது ஊசி முடிந்ததா?

பொத்தான்

*

ஏப்ரல் 21

அன்புள்ள பொத்தானுக்கு,

நீ இப்படி வாடிப்போய் எழுதியது எனக்குப் பிடிக்கவில்லை. உன் வேலை பலிக்கவில்லை என்று அங்கே உட்கார்ந்து சொல்கிறாய். அது இங்கே பலித்துக்கொண்டிருக்கிறது, தெரிந்துகொள்.

அத்தை நீ எழுதியபடியே நடக்கிறாள். காலையில் ஒன்றும் கிடையாது. மத்தியானம் ஒரு கிண்ணம் சூப். பொழுது சாய அரை டம்ளர் பால், அதுவும் பிள்ளைகள் முறைத்தால். முதலில் எனக்கும் மனசு கேட்கவில்லை. "எப்படியும் ஊசி போட்டா வாந்திதான் வருது, சாப்பிட்டு என்ன ஆகப்போகுது? பட்டினியாவது நோய்க்கு ஆகட்டும்" என்றாள். அதுவும் சரிதான் என்று பட்டது. பொறுமைசாலி. நானாக இருந்தால் இரண்டு நாள் தாங்க மாட்டேன்.

கண்ணெதிரே தெரிகிறது பொத்தான். மார்ச் மாதக் கடைசியில் அவள் சட்டையைப் பக்கத்துக்கு அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன். போன வாரம் மறுபடி முக்கால் அங்குலம். டேப்பை வைத்து நானே அளந்தேன், அறுபது வருடக் கை இது, பொய் சொல்லாது. கட்டி கரைகிறது என்றுதானே அர்த்தம்? இதைவிட நல்ல சேதி, பதினான்காம் தேதி போட வேண்டிய ஐந்தாவது ஊசி இப்போது வேண்டாம் என்று டாக்டரே தள்ளிவைத்துவிட்டார். வேண்டாம் என்றால் தேவைப்படவில்லை என்றுதானே? எடை ஏழு கிலோ குறைந்திருக்கிறது என்றாராம். வீட்டில் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு அத்தை வாயைத் திறக்கவில்லை. நம் வைத்தியம் நம்மோடு இருக்கட்டும் என்று அவளுக்கு எண்ணம்.

உன் பேராசிரியரிடம் சொல்லு, என் பேத்தி சுத்தமாகத்தான் கழுவினாள், இங்கே பலித்திருக்கிறது என்று.

பாட்டி

*

ஏப்ரல் 29

பாட்டி,

உங்கள் கடிதம் இன்று வந்தது. படித்த கையோடு மாமாவுக்கும் அத்தைக்கும் போன் போட்டேன். அத்தை எல்லாவற்றுக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றார். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். இதை முழுக்க, ஒரு வரி விடாமல், முதல் கடிதத்தைப் படித்த மாதிரியே உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள்.

அத்தை சாப்பிட வேண்டும். இன்றைக்கே. முட்டை, பால், பருப்பு, எது இறங்குகிறதோ அது. வாந்தி வந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும், அதற்கு மாத்திரை இருக்கிறது.

ஊசியைத் தள்ளிவைத்தது தேவைப்படாததால் இல்லை. ஏழு கிலோ போன உடம்பு அதைத் தாங்காது என்பதால். சட்டையில் நீங்கள் பிடித்துத் தைத்தது கட்டியை இல்லை. அத்தையைப் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள்.

நான் எழுதிய பட்டினி சாப்பாட்டுப் பட்டினி இல்லை பாட்டி. தட்டில் சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் அப்படியே இருக்கும். அந்த வளர்ச்சிக் கடிதங்கள் கலந்திருக்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துவிடுவோம், அதுவும் ஒரு நாளைக்கு. அதற்குத்தான் எங்கள் அறையில் பட்டினி என்று பேர். தட்டில் இருக்கும் செல்லுக்குச் செய்வது அது. மனுஷிக்குச் செய்வது இல்லை.

இன்னொன்று. பட்டினி போட்டும் நிற்க மாட்டேன் என்கிறது என்று எழுதினேனே, அந்தப் புது வகைச் செல் எது தெரியுமா? ஹெர் டூ, மூன்று கூட்டல். அத்தையின் வகை. பெட்டிகள் அவ்வளவு நெருக்கமாக முளைத்துவிட்டதால் ஒன்றோடு ஒன்று மோதிக்கொண்டு, கடிதமே வராமல் 'வளர், வளர்' என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கின்றன. தபாலை நிறுத்தினால் அவற்றுக்கு என்ன? தட்டிலேயே நிற்காதது, அத்தையின் வயிற்றைக் காயப்போட்டால் நிற்குமா? அதை அடக்க அந்த ஊசிதான் வேண்டும். எந்த ஊசியை உடம்பு தாங்க வேண்டுமோ அந்த உடம்பைத்தான் நீங்கள் இரண்டு பேரும் ஆறு வாரமாகக் குறைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்குப் புரியாததை ஏன் ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறீர்கள்? ஒரு வரி, ஒரே ஒரு வரி என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?

பொத்தான்

*

மே 13

பொத்தானுக்கு,

கிடைத்தது.

எனக்குப் புரியாததை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். ஆறாம் வகுப்புக்கு அனுப்பாமல் என்னை மெஷின் மேல் உட்காரவைத்தார்கள், கால் பெடலுக்கு எட்டாத வயதில். அந்த மெஷின்தான் உன் அம்மாவைப் படிக்கவைத்தது, உன்னையும் கொஞ்சம். அது போகட்டும். நான் படித்த ஐந்து வகுப்பில் ஒன்று கற்றுக்கொடுத்தார்கள். எழுதியிருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் படிக்க வேண்டும் என்று. பட்டினி என்று எழுதியது நீ. பட்டினி என்றுதான் படித்தேன். அந்தச் சொல்லுக்கு உங்கள் அறையில் வேறு அர்த்தம் என்றால் அங்கேயே வைத்திருக்க வேண்டியதுதானே? எனக்குத் தெரிந்த பட்டினி ஒன்றுதான். அதை நான் சின்ன வயதில் நன்றாகவே தெரிந்துகொண்டேன்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் மெஷின் மேல் வைத்திருந்தேன். கிழிக்கலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தை அத்தைக்கு நான் இன்னும் படித்துக் காட்டவில்லை.

உன் மாமா சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தான். அவள், "நீங்க பயந்துபோய் சொல்றீங்க. அவளும் நீங்க கேட்டதால பயந்துபோய் போன்ல சொல்றா. அவளே கைப்பட எழுதினது அம்மா கையில இருக்கு, நானே பார்த்தேன்" என்கிறாள். அவன் போனதும் தட்டை அப்படியே மூடிவைக்கிறாள். எழுத்தைத்தான் நம்புகிறாள். எழுத்தைப் படிக்க வேண்டியவள் நான். உன் கடிதம் என் ஊசிப் பெட்டிக்குள் இருக்கிறது. பத்து நாளாக ஊசி எடுக்கிறபோதெல்லாம் கையில் தட்டுப்படுகிறது.

என்ன சொல்லிக்கொண்டு எடுப்பேன்? பதினெட்டு வருடத்தில் அவள் என் பேச்சைக் கேட்டது ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் தப்பு என்று நானே போய்ச் சொல்ல வேண்டும். அவள் அப்புறம் எதைப் பிடித்துக்கொண்டு அந்த நாற்காலியில் போய் உட்காருவாள்? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவளுக்காகத்தான் மறைக்கிறேன் என்று. அதில் பாதிதான் நிஜம்.

பாட்டி

*

மே 22

அன்புள்ள பாட்டி,

புரியாததை என்று எழுதினேனே, அந்த வரியை எடுத்துவிடும்படி கேட்கிறேன். அது தப்பு. உங்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன் என்று ஆரம்பித்து, ஒரே ஒரு சொல்லை மட்டும் எங்கள் அறைச் சொல்லாகவே விட்டுவிட்டேன். தினம் இருபது தட்டில் எழுதி எழுதி, அதற்கு வெளியே ஒரு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துபோனது. உங்களுக்கு மறக்காது என்பதும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து மூடியில் அந்தச் சொல்லை எழுதக் கை வரவில்லை. 'கடிதம் இல்லை' என்று எழுதினேன். பேராசிரியர் தூக்கிப் பார்த்து, "இது என்னம்மா புது பாஷை?" என்றார். சொன்னேன். தட்டைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க அத்தைக்கு எடை எப்படி?" என்று கேட்டார். நான் சரியாகக் கழுவவில்லை என்பதைத் தவிர இந்த வருடத்தில் அவர் என்னிடம் பேசிய வேறு பேச்சு அதுதான். பதினோராவது தடவையும் செல்கள் நிற்கவில்லை. இப்போது வேறு இரண்டு வகைச் செல்லிலும் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். அதாவது முதலிலிருந்து. சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது, ஆனால் எங்கள் அறைச் சுவரை எதுவும் தொடக் கூடாது.

பாட்டி, நான் இங்கிருந்து எத்தனை பக்கம் எழுதினாலும் அத்தையின் வாய்க்குள் ஒரு வாய் போகாது. நீங்கள் படித்தால் போகும். எனக்காக மறைக்கவும் வேண்டாம், அவருக்காகவும் வேண்டாம். நான் தப்பாக எழுதினேன் என்று சொல்லுங்கள். அது நிஜம்தான்.

இத்துடன் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். அதில் இரண்டே வரி, பெரிய எழுத்தில். அவர் விரல் வைத்துப் பார்க்கட்டும்.

'அத்தை, பட்டினி உங்களுக்கு இல்லை. சாப்பிட்டுவிட்டு ஊசிக்குப் போங்கள்.'

ஊசி தள்ளிப்போய் ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. சீக்கிரம் படியுங்கள்.

பொத்தான்

*

ஜூன் 17

அன்புள்ள பொத்தானுக்கு,

படித்தேன்.

முதல் கடிதத்தைக் கேட்ட எல்லோரையும் கூப்பிட்டேன். டீச்சரம்மாவைக்கூட. அவர்கள் முன்னால் பெருமையைப் படித்தேன், இதையும் அவர்கள் முன்னால் படிப்பதுதான் முறை என்று பட்டது. ஊசிப் பெட்டியிலிருந்து உன் ஏப்ரல் மாதக் கடிதத்தை எடுத்தேன். ஒரு வரி விடாமல் என்று எழுதியிருந்தாய். விடவில்லை. 'உங்களுக்குப் புரியாததை' என்ற இடம் வந்ததும் டீச்சரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதையும் படித்தேன். நீ எடுத்துவிடச் சொன்னாய், ஆனால் நான் கூட்டாமல் குறைக்காமல் படிக்கக் கற்றவள். நீ தப்பாக எழுதினாய் என்று சொல்லச் சொன்னாய். அதைச் சொல்லவில்லை. "அவ எழுதினது அவங்க அறைக்கு. நான்தான் நம்ம அடுப்படிக்குன்னு படிச்சிட்டேன்" என்றேன்.

அத்தை உன் இரண்டு வரித் தாளைக் கேட்டு வாங்கி, விரலை வைத்து, எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷத்துல நீங்க தப்புன்னு நீங்களே சொல்லி இப்பதான் கேக்கிறேன்."

"கேட்டாச்சில்ல, இனி சாப்பிடு."

"இன்னொரு தடவை சொல்லுங்க. காதுல விழல."

"காது கேக்காதது எனக்குடி, உனக்கில்ல."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். "பசிச்சுதும்மா" என்றாள். "ரொம்ப பசிச்சுது. பசிக்கிறது நல்லதுன்னு நினைச்சுக்கிட்டே படுத்துக்கிடந்தேன்." முட்டை அவித்துக் கொண்டுவந்து உரித்துக் கொடுத்தேன். பாதி சாப்பிட்டாள். அரை மணி கழித்து மீதிப் பாதி.

மறுநாள் நானும் கூடவே போனேன். டாக்டரிடம் நானே சொன்னேன், மறைக்காமல். அவர் கத்தவில்லை. அவருக்கும் சேர்த்து நர்ஸம்மா கத்தினார்கள். வாந்திக்கு வேறு மாத்திரை கொடுத்தார்கள், என்ன சாப்பிடுவது என்று ஒரு தாளும். இரண்டு வாரத்தில் இரண்டரை கிலோ ஏறியிருக்கிறது. ஐந்தாவது ஊசி ஒன்பதாம் தேதி போட்டாயிற்று. எட்டு வாரம் வீணாகப் போனதற்கு என்ன ஆகும் என்று கேட்டேன். "பார்ப்போம்" என்கிறார். உன் பேராசிரியர் 'திரும்பச் செய்' என்பதும் இவர் 'பார்ப்போம்' என்பதும் ஒன்றுதான் போலிருக்கிறது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷர் எப்படித் தூங்குவது? எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. எரிச்சலோடுதான் தினமும் முட்டை உரிக்கிறேன்.

அவள் சட்டையில் நான் பிடித்த தையலைப் பிரித்துவிட்டேன். எப்போதும் உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன், வெட்டி எறிகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதனால் பிரிக்க இடம் இருந்தது. இப்போதைக்கு அரை அங்குலம்தான் பிரித்திருக்கிறேன். மீதி முக்கால் அங்குலம் அவள் கையில் இருக்கிறது.

பிள்ளைகள் சேதி இந்தத் தடவை ஒன்றுதான். நேற்று அத்தை ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கொண்டாங்க என்று கேட்டாள். அதற்கும் நான் டீச்சரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

உன் படம் இப்போது சுவரில் இல்லை. ஊசிக்குப் போகிறபோது அத்தை சட்டத்தோடு கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலியில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் பையில் வைப்பதற்கு முன்னால் வாங்கிக் கண்ணாடியைத் துடைத்தபோதுதான் சரியாகப் பார்த்தேன். மூன்று மாதமாக எதிரே மாட்டிவைத்திருந்தும், அந்த வெள்ளைக் கோட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் தோள் தையல் உன் தோளைத் தாண்டி இரண்டு விரல் கீழே கிடக்கிறது பொத்தான். காலருக்குள் என் முழுக் கையும் போகும். உனக்கு அளவெடுத்த கோட்டுதானே அது? நீ எந்தத் தட்டில் சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு?

ஆணி சும்மா இருக்கிறது. நன்றாகச் சாப்பிட்டு, ஒரு மாதம் கழித்து, கோட்டுப் போடாமல் ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. தோள் தெரிகிற மாதிரி நில். நான் டேப்பை வைத்துப் பார்ப்பேன்.

பாட்டி